சைக்கிள் தடமும் கைபேசி வரைபடமும்

ஓர் ஊருக்கு வழி எது, அதன் தூரம் எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளும் மிகப் பழமையானவை. அவற்றுக்குத் திருத்தமான விடை காணும் முயற்சியிலேயே நில அளவைக் கலை வளர்ந்தது. 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்ப்டன் என்பவர் சென்னைக்கருகில் பரங்கிமலைப் பகுதியில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு சுமார் ஏழரை மைல் தூரத்தை அளந்து முடிக்க அவருடைய குழுவினருக்கு 57 நாட்கள் பிடித்தன. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கமாயிற்று.

ஏழரை மைல் என்பது 12 கிலோமீட்டர். சைக்கிளில் செல்லும் ஒருவர் அத்தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். அவருடைய சட்டைப்பையில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்து, அதில் தடம் பதியும் செயலி ஒன்றும் இயங்கிக்கொண்டிருந்தால், பயணம் முடியும்போது வழியின் வரைபடமும், தூரமும், ஏறி இறங்கிய உயரமும் அவர் கையில் தயாராக இருக்கும். சங்கிலியோ, தொலைநோக்கியோ, உதவியாளரோ தேவையில்லை.

ஆயினும் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். லாம்ப்டன் தம் அளவையைச் சோதித்துப் பார்த்தார். 1804-ம் ஆண்டில் பெங்களூருக்கருகில் இரண்டாவது அடிக்கோடு ஒன்று அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளமும், அங்கே நிலத்தில் நேராக அளந்த நீளமும் சில அங்குலங்களே வேறுபட்டன. தம்முடைய எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கைபேசியின் திரையில் 12.37 கிலோமீட்டர் என்று காண்பவர் பெரும்பாலும் அதைச் சோதிப்பதில்லை. பிழையின் அளவு தெரியாத எண்ணை அளவை என்று சொல்ல இயலாது.

இவ்விஷயம் வெறும் பொழுதுபோக்கைச் சார்ந்ததன்று. சுகாதார ஊழியர், விவசாய விரிவாக்க ஊழியர், பஞ்சாயத்து ஊழியர் ஆகியோர் சைக்கிளில் செல்லும் பாதைகள் பலவும் அச்சிட்ட வரைபடத்தில் இடம்பெறாதவை. அப்பாதைகளைத் தடமாகப் பதிந்து வைத்தால், நோயாளியை ஏற்றிவர இரவில் வரும் வண்டிக்காரர் குக்கிராமத்துக்கு வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. அதே சமயம், ஓடையின் அக்கரையில் உள்ள பாதையை இக்கரையில் காட்டும் தடம் அவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதை ஊழியர்களும் உபாத்தியாயர்களும் அறிந்திருப்பது அவசியம்.

இடம் அறியப்படும் விதம்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கா அமைத்த செயற்கைக்கோள் திட்டமாகும். அதன் முதல் கோள் 1978-ம் ஆண்டில் ஏவப்பட்டது. 1995-ம் ஆண்டில் திட்டம் முழுமை பெற்றது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் அணுக் கடிகாரத்தை ஏந்தியது. ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது’ என்னும் செய்தியை அது ரேடியோ அலைகளின் மூலம் இடைவிடாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது.

ரேடியோ அலை ஒரு விநாடியில் ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. செய்தி புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்டால் கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது விளங்கும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடத்தைக் குறிக்கலாம். ஆனால் கைபேசியிலுள்ள கடிகாரம் சாதாரணமானது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். அப்பிசகைக் கண்டு நீக்குவதற்கு நான்காவது கோள் ஒன்று வேண்டும். எனவே குறைந்தது நான்கு கோள்கள் வானத்தில் தென்பட்டால்தான் இடமும் உயரமும் சேர்ந்து கிடைக்கும்.

2000-ம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஒலிபரப்பில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தி வந்தது. அப்போது பிழை 100 மீட்டர் வரை சென்றது. அத்தடை நீங்கிய பிறகு இக்கருவி சாலையில் செல்வோருக்கு மேலும் நன்கு பயன்பட்டது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய திட்டங்களின் கோள்களையும் இக்காலக் கைபேசிகள் சேர்த்துக் கேட்கின்றன. இந்தியாவின் நாவிக் திட்டத்தின் முதல் கோள் 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஏவப்பட்டது. சிறு கருவிகளும் எளிதில் ஏற்கத்தக்க கூடுதல் அலைவரிசையுடனும், இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரத்துடனும் என்.வி.எஸ்.-01 என்னும் கோள் 2023-ம் ஆண்டு மே மாதத்தில் அனுப்பப்பட்டது.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். தொலைபேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் ஜி.பி.எஸ். இயங்காது என்று பலர் நினைக்கின்றனர். இது சரியன்று. கைபேசி கோள்களின் குரலைக் கேட்கிறதேயன்றி அவற்றோடு பேசுவதில்லை. இண்டர்நெட் இருந்தால் கோள்களின் இருப்பிட அட்டவணை விரைவில் கிடைக்கும். அது இல்லையெனில் கோள்களிடமிருந்தே அதைக் கேட்டறிய அரை நிமிஷமோ சற்று அதிகமோ ஆகும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், கோபுரமே இல்லாத காட்டுப் பாதையிலும் தடத்தைப் பதியலாம்.

தடம் என்பது யாது?

திரையில் தடம் ஒரே கோடாகத் தோன்றினாலும், உண்மையில் அது தனித்தனிப் புள்ளிகளின் வரிசையாகும். ஒவ்வொரு புள்ளியிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் ஆகிய நான்கும் எழுதப்படுகின்றன. புள்ளிகளுக்கிடையே கோட்டை இழுப்பது செயலியின் வேலை. இவ்விவரங்களைச் சேமிக்கும் பொது முறைக்கு ஜி.பி.எக்ஸ். என்று பெயர். ஸ்ட்ராவா, ஓப்பன்டிராக்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகளில் பதிந்த தடங்களை இம்முறையில் வெளியே எடுத்து வேறு செயலிகளிலும் திறக்கலாம். இக்கோப்பில் நேரம் பொதுவாக உலக நேரத்தில் இருக்கும். காலை 6.10-க்குப் புறப்பட்ட பயணம் 0.40 என்று காணப்பட்டால் அது பிழையன்று. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கம் ஒரு மீட்டரைச் சற்றே மிஞ்சும். கைபேசி ஏழு இலக்கங்கள் வரை எழுதுகிறது. ஆனால் திறந்த வானத்தின் கீழ் அதன் பிழை சாதாரணமாக 5 மீட்டர் அளவில் உள்ளது. இலக்கங்கள் மிகுதியாக இருப்பதைக் கொண்டு அளவு நுட்பமானது என்று முடிவு செய்யலாகாது. ஆண்டிராய்டு கைபேசிகள் ‘துல்லியம்’ என்று காட்டும் மீட்டர் எண்ணும் உறுதிமொழியன்று. உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருப்பதற்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள்.

தூரம் குறைவதும் கூடுவதும்

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் விநாடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. விநாடிக்கொரு புள்ளி பதிந்தால் வளைவுகள் ஓரளவு உள்ளபடியே அமையும். பாட்டரியைச் சேமிக்கக் கருதி 30 விநாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், இரு புள்ளிகளுக்கிடையே 125 மீட்டர் இடைவெளி விழும். அதற்குள் இருக்கும் திருப்பங்களெல்லாம் மறைந்து நேர்கோடாகிவிடும்.

பெங்களூர்ச் சைக்கிள்காரர்கள் விரும்பி ஏறும் நந்தி மலைச் சாலையை உதாரணமாகக் கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த சாலை அது. 10 மீட்டர் ஆரமுள்ள அரைவட்ட வளைவு ஒன்றின் நீளம் 31 மீட்டர். அதன் இரு முனைகளையும் நேராக இணைத்தால் 20 மீட்டர்தான். ஆகவே முனைகளில் மட்டும் புள்ளி விழுந்தால் வளைவு ஒவ்வொன்றிலும் 11 மீட்டர் இழப்பாகும். பத்து வளைவுகளில் 110 மீட்டர் மறைந்துவிடும். சாலை குறுகியதாகத் தோன்றும். சாய்வோ உண்மையைவிடச் செங்குத்தாகத் தோன்றும்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்தடியில் 10 நிமிஷம் ஓய்வு கொள்ளும்போதும் புள்ளிகள் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. விநாடிக்கு அரை மீட்டர் தடுமாறினால்கூட 300 மீட்டர் பயணம் நிகழ்ந்ததாகக் கணக்கில் ஏறும். இதைத் தவிர்க்கவே பல செயலிகளில் நிற்கும்போது பதிவைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு உள்ளது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது இவ்வேற்பாடு அதையும் ஓய்வென்று கருதிவிடக்கூடும்.

மூன்றாவது பிழை எதிரொலியைப் போன்றது. உயர்ந்த கட்டடங்களிலும் பாறைச் சுவர்களிலும் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையைவிட நீண்ட வழியில் வருவதால், கோள் அதிகத் தொலைவில் இருப்பதாகக் கைபேசி ஏமாறுகிறது. பழைய டில்லியின் சந்துகளில் தடம் வீடுகளுக்குள் புகுந்து வெளிவருவதாகக் காணப்பட்டால் காரணம் இதுவே. அடர்ந்த மரக்கிளைகள் அலையை மங்கச் செய்கின்றன. சைக்கிள்காரரின் உடலும் அதை மறைக்கிறது. ஆதலால் கைபேசியைக் கால்சட்டைப் பையில் வைப்பதைவிடக் கைப்பிடியில் பொருத்துவதோ, முதுகுப்பையின் மேலறையில் வைப்பதோ நலம்.

உயரத்தைப் பற்றிய எச்சரிக்கை

கோள்கள் யாவும் தலைக்கு மேலே இருக்கின்றன. காலுக்குக் கீழே இருப்பவற்றைப் பூமி மறைக்கிறது. இதனால் உயரத்தின் பிழை கிடைமட்டப் பிழையைவிட அதிகமாகவே இருக்கும். மற்றொரு விசேஷமும் உண்டு. ஜி.பி.எஸ். உயரம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவதன்று. துருவங்களில் சற்றுத் தட்டையான ஒரு கணித உருண்டையின் மேற்பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது. பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே சீராக இல்லாமையால் கடல் மட்டம் அப்பரப்போடு ஒத்துப்போவதில்லை. உலகிலேயே மிக அதிகமாகக் கடல் மட்டம் தாழ்ந்திருப்பது இந்தியாவுக்குத் தெற்கேயுள்ள இந்து சமுத்திரப் பகுதியில்தான். அங்கே தாழ்வு 100 மீட்டருக்கும் மேல். சென்னைக் கடற்கரையிலும் அது 90 மீட்டர் அளவில் உள்ளது. திருத்தம் செய்யாத செயலி ஒன்று அக்கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்கு 90 மீட்டர் கீழே இருப்பதாகக் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

ஏறிய உயரங்களைக் கூட்டிச் சொல்லும் எண் இன்னும் கவனத்துக்குரியது. சமதளச் சாலையில் உயரம் 2 மீட்டர் வீதம் நூறு தடவை பொய்யாக ஏறி இறங்கினால், 200 மீட்டர் மலையேற்றம் கணக்கில் சேர்ந்துவிடும். காற்றழுத்தமானி பொருந்திய கைபேசிகள் இதில் மேலானவை. தாழ்ந்த நிலங்களில் சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைகிறது. எனினும் புயல் நெருங்கும்போது அழுத்தம் தானே மாறுவதால் அக்கருவியும் ஏமாறும். சில செயலிகள் 2000-ம் ஆண்டில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயர வரைபடத்தைப் போன்றவற்றைக் கொண்டு உயரத்தைத் திருத்துகின்றன. உயரமான பாலத்தின் மேல் செல்பவருக்கு அவை பள்ளத்தாக்கின் உயரத்தையே தரக்கூடும்.

களத்தில் செய்ய வேண்டியவை

புறப்படுமுன்: திறந்த வெளியில் நின்று, இடம் உறுதிப்படும் வரை காத்திருக்க வேண்டும். பதியும் இடைவெளியை ஒரு விநாடி அல்லது 5 மீட்டர் என்று அமைக்க வேண்டும். பாட்டரியைச் சேமிக்கும் பொருட்டுக் கைபேசி செயலியைத் தூங்கவைத்துவிடாதபடி அதற்கு விலக்கு அளிக்க வேண்டும். தடங்களின் நடுவே காணப்படும் நீண்ட நேர்கோடுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். திரையை அணைத்து வைத்தால் பாட்டரி நெடுநேரம் வரும்.

வழியில்: பாதை பிரியுமிடம், பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு, ஓடையைக் கடக்கும் தரைப்பாலம் ஆகியவற்றில் அரை நிமிஷம் நின்று தனிக் குறியிட வேண்டும். பாதையின் அகலம் என்ன, ஜீப் செல்லுமா, மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். தடம் வழியை மட்டுமே சொல்லும். வழியின் தன்மையைக் கண்டு எழுதுபவர் மனிதரே. திரும்பும்போதும் அதே பாதையில் பதிந்தால் இரு தடங்களையும் ஒப்பிடலாம்.

திரும்பிய பின்: தேதியும் இடமும் தெரியுமாறு கோப்புக்குப் பெயரிட வேண்டும். திடீரென்று விலகிப் பாயும் முனைகளையும் நீண்ட நேர்கோடுகளையும் கண்டு நீக்க வேண்டும். இரு தடங்களும் 10 மீட்டருக்கு மேல் பிரியும் இடத்தை மறுநாள் மீண்டும் பதிவது நல்லது. இவ்வாறு தேறிய பாதைகளைப் பொது வரைபடத்திலும் சேர்க்கலாம். 2004-ம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் வரைபடம், தொண்டர்கள் நடந்தும் சைக்கிளில் சென்றும் பதிந்த தடங்களைக் கொண்டே முதலில் வளர்ந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒரு பயிற்சி

முதலாவது, சக்கரத்தைக் கொண்டு சோதித்தல். சைக்கிளின் டயரில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, ஆள் ஏறிய நிலையில் ஒரு சுற்று உருட்டி, தரையில் விழுந்த இரு குறிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். பெரிய சக்கரமுள்ள சாதாரணச் சைக்கிளில் அது சுமார் 2.2 மீட்டராக இருக்கும். பிறகு சக்கரக் கம்பியில் ஒரு துணியைக் கட்டி, 500 சுற்றுகளை எண்ணியவாறு சாலையில் செல்ல வேண்டும். தூரம் 1,100 மீட்டர். அதே பயணத்தில் கைபேசி காட்டிய தூரத்தை அதனோடு ஒப்பிட்டால், வேறுபாடு நூற்றுக்கு எத்தனை என்பதை மாணவர்களே கண்டறிவார்கள். பெங்களூரில் லாம்ப்டன் செய்த சோதனையின் தத்துவம் இதுவே.

இரண்டாவது, மைதானத்தைச் சுற்றுதல். மைதானத்தின் ஓரமாக ஒரே கோட்டில் ஐந்து முறை சைக்கிளில் சுற்றிப் பதிந்தால், ஐந்து கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் ஒரு கயிற்றின் புரிகள் போல் பிரிந்து நிற்கும். அப்புரிகளின் அகலம் கைபேசியின் பிழையைக் கண்ணால் காண உதவுகிறது.

மூன்றாவது, வரைதாளில் படம் தீட்டுதல். 10 விநாடிக்கு ஒரு புள்ளியை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 0.00009 டிகிரி என்னும் அளவில் குறிக்கலாம். இரு அச்சுகளிலும் இதே அளவைக் கொண்டால் படம் கிழக்கு மேற்காக இழுபட்டுத் தோன்றும். டில்லியில் இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கன்னியாகுமரியில் நூற்றுக்கு ஒன்று. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதே காரணம். பூகோளப் பாடத்தில் சொல்லால் விளக்கிய உண்மையை மாணவர் தம் கையால் வரைந்த படத்திலேயே காண இது வழியாகும்.

வெளியிடுமுன் சிந்திக்க வேண்டியது

கைபேசி தன் இடத்தைத் தானே அறிந்துகொள்ளும்போது அதை வேறு எவருக்கும் அறிவிப்பதில்லை. அறிவிப்பது செயலியே. 2017-ம் ஆண்டு நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் தன் செயலியை உபயோகிப்போரின் தடங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து உலகப் படமாக வெளியிட்டது. பெயர் எதுவும் அதில் இல்லை. ஆயினும் ஆப்கானிஸ்தானம், சிரியா முதலிய நாடுகளில் ராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய தடங்கள் இருட்டில் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. 2018 ஜனவரியில் இது உலகெங்கும் பேசப்பட்டது.

ஊழியர்களுக்கும் இதில் படிப்பினை உண்டு. தினந்தோறும் ஒரே இடத்தில் தொடங்கி முடியும் தடம் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். எந்த நேரத்தில் எந்தத் தனிவழியில் செல்கிறார் என்பதையும் தெரிவிக்கும். தனியே செல்லும் பெண் ஊழியருக்கு இது பாதுகாப்பைப் பற்றிய விஷயமாகும். நோயாளிகளின் வீட்டுக்குச் செல்லும் சுகாதார ஊழியரின் தடம் நோயாளியின் அந்தரங்கத்தையும் வெளிப்படுத்திவிடும். எனவே தடத்தின் முதல் 200 மீட்டரையும் கடைசி 200 மீட்டரையும் வெட்டிவிட்டு, நேரத்தையும் நீக்கி, பாதையை மட்டும் வெளியிடுவது முறை. மாணவர்களின் தடங்களைப் பள்ளிக்கு வெளியே அனுப்பாதிருப்பதே நன்று.

சட்டத்தைப் பொறுத்தவரை, மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞான தொழில்நுட்ப இலாகா 2021-ம் ஆண்டு பிப்ரவரி 15-ம் தேதி வெளியிட்ட நெறிமுறைகள், இந்தியக் குடிமக்களும் நிறுவனங்களும் முன் அனுமதியின்றி வரைபட விவரங்களைத் திரட்ட இடமளித்தன. ஆனால் பாதுகாப்பைக் கருதிச் சில விவரங்களைக் குறிக்கலாகாது என்னும் வரையறையும் உண்டு. ராணுவ நிலையங்கள் போன்றவற்றின் அருகில் தடம் பதியாமல் இருப்பதே தக்கது.

முடிவு

தடத்தை ஒப்படைக்கும்போது அதனுடன் நான்கு விவரங்களை எழுதிச் சேர்க்கும் வழக்கத்தை ஊழியர்கள் கைக்கொள்ள வேண்டும்: பதிந்த தேதி, புள்ளிகளின் இடைவெளி, ஒரு தடவை பதிந்ததா, இரு தடவையா என்பது, இரு தடங்களும் மிக அதிகமாக விலகிய தூரம். இவை ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்தத் தடத்தை நம்பி மழைக்கால இரவொன்றில் தரைப்பாலத்தைத் தேடி வரும் வண்டிக்காரருக்கு, பாலம் கோட்டிலிருந்து ஐந்து மீட்டருக்குள் இருக்குமா, ஐம்பது மீட்டர் தள்ளி இருக்குமா என்பதைச் சொல்லக்கூடியது அந்தக் காகிதமே.